பூக்களில் மறைந்திருக்கும் கோலங்கள்

பனிக்காலம் கழிந்து வசந்தம் பிறந்ததும், ஐரோப்பிய நாடுகளின் புல்வெளிகளெங்கும் மஞ்சள் பூக்கள் விரிகின்றன. அவற்றுள் டன்டிலையன் பூவை அறியாதார் இலர். யேர்மானியர் இதனைச் 'சிங்கப்பல்' என்பர். முற்றிய அதன் பஞ்சை ஊதிப் பறக்கவிடுவது எமது பிள்ளைகளுக்கும் பிடித்தமான விளையாட்டு. எமது கண்ணுக்கு முற்றிலும் மஞ்சளாகத் தோன்றும் இப்பூ தேனீக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. அதன் ஓரம் ஒருவகையாகவும் நடுப்பகுதி இருண்ட வட்டமாகவும் அதற்குத் தெரிகின்றது.

இதற்குக் காரணம் யாது? மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையான அலைநீளமுள்ள ஒளியையே காண்கிறது. அதனிலும் குறுகிய ஊதாக்கடந்த கதிர்களை எமது கண்வில்லை உறிஞ்சிவிடுகிறது. தேனீயோ அக்கதிர்களைக் காண வல்லது. ஆயின் சிவப்பை அது நன்கு அறியாது. பூவிதழ்களில் உள்ள சில நிறப்பொருட்கள் ஊதாக்கடந்த கதிர்களை உறிஞ்ச, ஏனைய பகுதிகள் அவற்றைத் தெறிக்கச் செய்கின்றன. இவ்வேறுபாடே தேன் இருக்குமிடத்தைக் காட்டும் வழிகாட்டியாகின்றது.

பூவின் கோலங்கள் பூச்சிகளுக்கு வழிகாட்டுகின்றன என்று யேர்மானியரான ஸ்பிரெங்கல் 1793ஆம் ஆண்டிலேயே எழுதினார். எறும்புகள் ஊதாக்கடந்த கதிர் படும் இடத்திலிருந்து தம் கூட்டுப்புழுக்களைத் தூக்கிச் செல்வதை 1880களில் ஆங்கிலேயரான ஜோன் லபக் பரிசோதித்துக் காட்டினார். அமெரிக்கரான பிராங்க் லட்ஸ் 1924இல் பூக்களை இக்கதிர்களில் படம்பிடித்து ஆராய்ந்தார். எமது காலத்தில் நோர்வேயைச் சேர்ந்த பியோன் ரேர்ஸ்லெட் எடுத்த பூப்படங்கள் உலகறிந்தவை.

இப்படங்களை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். கமெராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, ஒரே பூவை ஒரே கோணத்தில் இருமுறை எடுத்தல் வேண்டும். முதற்படம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியில். இரண்டாவது, ஊதாக்கடந்த கதிரை மட்டும் உள்ளே விடும் கரிய வடிகட்டியினூடாக. சாதாரண டிஜிட்டல் கமெராவினுள் இக்கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி பொருத்தப்பட்டிருப்பதால், அதனை அகற்றவேண்டி நேரும். சாதாரண வில்லைகள் பலவும் இக்கதிர்களை மறிப்பன. எனவே இதற்கெனக் குவாட்ஸ், புளோரைற் ஆகியவற்றால் ஆன விலையுயர்ந்த வில்லைகளும் உள. வடிகட்டியினூடாகச் செங்கீழ்க் கதிர் கசிந்தால் படம் பொய்யாகிவிடும். ஒளி குறைவாகையால் படம் பதிய நெடுநேரம் செல்லும். சிறு காற்றும் பூவை அசைத்துக் கெடுத்துவிடும். விளக்குகளைப் பயன்படுத்துவோர் கண்ணுக்குக் காப்பணிதல் கட்டாயமாகும். கிடைக்கும் படத்துக்கு இயல்பான நிறம் இல்லை. அச்சில் நாம் காணும் நிறங்கள் எமது வசதிக்காகச் சேர்க்கப்பட்டவையே. தேனீ காணும் நிறத்தை நாம் ஒருபோதும் காணமாட்டோம்.

இது வெறும் அழகுக்கலை அன்று. 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், தாவரச் சேமிப்பகங்களில் உலர்த்தி வைக்கப்பட்டிருந்த 42 இனங்களைச் சேர்ந்த 1,238 பூக்களை இம்முறையிற் படம்பிடித்து வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. 1941 முதல் 2017 வரை சேகரிக்கப்பட்ட அப்பூக்களில், ஊதாக்கடந்த கதிரை உறிஞ்சும் நிறப்பொருள் சராசரியாக ஆண்டுக்கு 2 வீதம் கூடியிருந்தது. மகரந்தம் வெளியே தெரியும் பூக்களில், ஓசோன் படலம் மெலிந்த இடங்களில் நிறப்பொருள் பெருகியது. மகரந்தம் இதழ்களுள் மறைந்திருக்கும் பூக்களிலோ, வெப்பம் ஏறிய இடங்களில் அது குறைந்தது. கோலம் மங்கினால் தேனீ பூவை இனங்காண இடர்ப்படலாம். தேனீ வாராவிடின் விதை இல்லை.

அன்று அப்பூக்களைப் பறித்து உலர்த்தி, இடமும் திகதியும் எழுதி வைத்தவர்கள் இவ்வாய்வைக் கனவிலும் எண்ணியிரார். முறையாகப் பேணிவைத்த ஒரு பூ, எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் சான்று பகர்கின்றது. அடுத்த வசந்தத்தில் புல்வெளியைக் கடக்கும்போது, எமது பிள்ளைகளுக்கு நாம் இதனை எடுத்துரைத்தல் நன்று.