ரிமோட் இல்லாத பார்வையாளர்கள்: கோவை 'வட்டமேசை' விவாதத்தில் நடந்தது என்ன?

டிவி விவாதத்தில் கடுப்பானால் வீட்டில் இருப்பவர் சேனலை மாத்திடுவார். அரங்கில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? 2018 ஜூன் 8-ல் கோவை பீளமேட்டில் அதற்கு விடை தெரிந்தது.

புதிய தலைமுறை தொலைக்காட்சியின் 'வட்டமேசை விவாதம்' அன்று ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது. போராட்டங்கள் உரிமைக்காகவா, அரசியலுக்காகவா என்பதுதான் தலைப்பு. தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சூடு இல்லாமல் இருக்குமா?

மேடையில் தமிழிசை சவுந்தரராஜன், இயக்குநர் அமீர், காங்கேயம் எம்எல்ஏ தனியரசு உள்ளிட்டோர் இருந்தனர். 2016-ல் கோவையில் இந்து முன்னணி நிர்வாகி சசிகுமார் கொல்லப்பட்டதையும், அடுத்து நடந்த கலவரத்தையும் அமீர் எடுத்தார். சென்னை ஸ்டுடியோவில் அது ஒரு பழைய செய்தி. இங்கே அப்படியில்லை, அன்று கடையடைத்து ஓடியவர்களின் ஊர் இது. பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் எழுந்து கத்த, நிகழ்ச்சி பாதியில் நின்றது.

விஷயம் அத்தோடு முடியல. மறுநாளே போலீஸ் வழக்கு போட்டது. கூச்சல் போட்டவர்கள் மீது மட்டும் என்று நினைத்தால் தப்பு. சேனல், அதன் செய்தியாளர், அமீர், தனியரசு என நாலு தரப்பும் வழக்கில் சேர்க்கப்பட்டது. இரு பிரிவினரிடையே பகை மூட்டுவதாகச் சொல்லும் 153ஏ பிரிவும் அதில் இருந்தது; அதன்படி 3 ஆண்டு வரை சிறை கிடைக்க வாய்ப்பிருந்தது.

பேசியவர் மீது வழக்கு என்பது பழக்கப்பட்டதுதான். மைக் கொடுத்தவர் மீதும் வழக்கா என்று பத்திரிகையாளர் அமைப்புகள் கொதித்தன. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலினும் கண்டித்தார்.