வலி எச்சரிக்காத கைகள்



சூடான தம்ளரைத் தொட்டால் நம் கை தானாகவே பின்வாங்குகிறது. தொழுநோயால் நரம்பு கெட்டவருக்கோ அந்த எச்சரிப்பு இல்லை. தோல் வெந்தாலும் பிடித்த பிடியை விடமாட்டார். நோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்று முற்காலத்தில் மருத்துவர்களும் எண்ணினார்கள். கொல்லிமலையில் 1914இல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் பொறுமையாய்க் கவனித்து, விரல்கள் குறைவதற்கு உணராமல் படும் அன்றாடக் காயங்களே பெரும்பாலும் காரணம் என்று கண்டார்.

அவருடைய குழுவில் உழைத்தவர் பிசியோதெரபிஸ்ட் ரூத் தாமஸ் அம்மையார். இங்கிலாந்தைச் சேர்ந்த இவர், கம்யூனிஸ்டுப் புரட்சிக்குப் பின் சீனாவை விட்டு வெளியேறி வேலூருக்கு வந்தார். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, டாக்டர் பிராண்ட் நல்ல தசைநாணை எடுத்து வேறிடத்தில் இணைப்பார். ஆனால் மாவுக்கட்டைப் பிரித்ததும் அந்தக் கை வேலை செய்துவிடாது. தசை தன் புதிய வேலையைக் கற்க வேண்டும். உருக்கிய மெழுகால் கையை இளக்கி, நாள்தோறும் பயிற்சி கொடுத்து, அதைக் கற்பிப்பதே பிசியோதெரபிஸ்டின் பணி.

திருந்திய கைக்கும் ஆபத்து நீங்கவில்லை. வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் தச்சுவேலை கற்ற இளைஞர்கள் மீண்டும் காயப்பட்டார்கள். இரவில் எலி கடித்தும் சிலர் விழிக்கவில்லை. ஆகவே பூனைகள் வளர்க்கப்பட்டன! வலி செய்யும் காவலைக் கண்கள் செய்யவேண்டும் என்ற பாடம் இப்படித்தான் பிறந்தது.

1982 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்துகள் தொழுநோயைக் குணமாக்குகின்றன. ஆயினும் நெடுநாள் மரத்துப்போன கைகால்களில் உணர்ச்சி திரும்புவது அரிது. நீரிழிவு உள்ள பலருக்கும் பாதம் இவ்வாறே மரத்துப்போகிறது. செஞ்சிப் பாறைகளும் நிலக்கடலைக் காடுகளும் சூழ்ந்த நம் தொண்டூர்ப் பக்கத்தில் வெறுங்காலோடு நடப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் சொல்லுவது இதுவே:

மாலைதோறும் உள்ளங்கை, உள்ளங்கால், விரலிடுக்குகளைப் பாருங்கள். கண் மங்கினால் வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சூடான பாத்திரத்தைத் துணியாலோ இடுக்கியாலோ இறக்குங்கள்.

மண்வெட்டிப் பிடியில் துணி சுற்றுங்கள். அடிக்கடி நிறுத்திக் கையைப் பாருங்கள்.

செருப்பை உதறி, ஆணியோ கல்லோ இருக்கிறதா என்று பார்த்து அணியுங்கள்.

கொப்புளம் சிறிதானாலும், வலி இல்லையே என்று அதன்மேல் நடக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அன்பானவர்களே, உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் கண்டவர்களை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புங்கள், மருந்து இலவசம். இந்தப் பகுதியை உங்கள் சபையில் வாசித்துக் காட்டுங்கள். அதைக் கேட்கும் ஒருவருடைய விரல் காக்கப்படுமானால், அதுவே எங்களுக்கு நீங்கள் அனுப்பும் நல்ல காணிக்கை.