வைரமும் மாத்தறை வைரமும்

கோவலன் மதுரை மாநகரைக் காணச் சென்ற வரலாற்றை அறியாத தமிழ் மாணவர் இலர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே, பல வீதிகளையும் கடந்து அவன் இரத்தின வணிகர் வீதியை அடைகின்றான். அங்கே இளங்கோவடிகள் கதையைச் சற்றே நிறுத்திவிட்டு, மணிகளின் இலக்கணத்தை ஒரு வணிகர் வாய்மொழிபோல எடுத்துரைக்கின்றார். முதலிற் பேசப்படுவது வைரம். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றமும் இல்லாததே நல்ல வைரம் என்பது அவர் கொண்ட வரையறை. காக்கையின் காலடி போன்ற வெடிப்பு, கறை, புள்ளி, கீற்று என்று இவற்றுக்குப் பொருள் சொல்லலாம். இக்காலத்து மணிநூலார் வைரத்தின் உட்குறைகளைச் சிறகு, முகில், ஊசிமுனை என்னும் பெயர்களால் வகுக்கின்றனர். பெயர் மாறிற்றே அன்றிப் பார்க்கும் பார்வை மாறவில்லை. அடியார்க்குநல்லாரின் உரையையும், திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்தையும் இவ்விடத்திற் சேர்த்துப் படிப்போர், நம் முன்னோர் மணிகளை எத்துணை நுணுக்கமாக ஆராய்ந்தனர் என்று வியப்பர்.

இவற்றை வகுப்பறையிலே பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த என்னை, வைரத்தை உண்மையாகவே ஆராயுமாறு செய்தவர் பூண்டுலோயாவுக்கு அணித்தான தோட்டம் ஒன்றிலே கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். அவருடைய மகன் என்னிடம் தமிழ் பயின்றவன், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தான். துணி முடிச்சு ஒன்றை அவிழ்த்து என் மேசைமீது ஒரு சோடித் தோடுகளை வைத்தார் அவ்வம்மையார். "ஐயா, இது எங்க பாட்டி காலத்து வைரத் தோடு. அடகுக் கடையில பவுணுக்கு மட்டுந்தான் காசு குடுப்பேங்குறாங்க. கல்லுக்கு ஒண்ணுமே இல்லையாம். நீங்க படிச்சவுங்க, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

காவியத்திலே படித்த நான்கு குற்றங்களுள் ஒன்றும் அக்கற்களில் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயினும் அவற்றை ஒரு பொற்கொல்லரிடம் எடுத்துச் சென்றோம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியை என்னிடம் தந்து, "மேற்பட்டையின் ஊடாகக் கீழ்ப்பட்டைகளின் விளிம்பைப் பாருங்கள்" என்றார் அவர். ஒவ்வொரு விளிம்பும் இரட்டைக் கோடாகத் தோன்றியது. ஒளியை இரண்டாகப் பிரிக்கும் இயல்பு வைரத்துக்கு இல்லை. அன்றியும், பட்டைகளின் ஓரங்கள் ஆங்காங்கே தேய்ந்து மழுங்கியிருந்தன. தாளிற் சுற்றி ஒன்றாக வைத்தாலே உராய்ந்து தேயும் தன்மை சூடேற்றிய சிர்க்கன் என்னும் கல்லுக்கு உண்டு. பின்னர்க் கொழும்பிலே முறைப்படி பரிசோதித்தபோதும் அதுவே உறுதியாயிற்று.

இக்கல்லின் கதை நம் நாட்டோடு பிணைந்தது. இலங்கை மண்ணிலே நீலமும் மாணிக்கமும் வைடூரியமும் அகழப்படுகின்றன, வைரம் அகழப்படுவதில்லை. ஆனால் சிர்க்கன் உண்டு. தென்கோடியிலுள்ள மாத்தறைப் பகுதியார் அக்கல்லைச் சூடேற்றி நிறம் போக்கி வெண்மையாக்கும் வித்தையை அறிந்திருந்தனர். அவ்வெண்கல்லே 'மாத்தறை வைரம்' என்னும் பெயருடன் உலகச் சந்தைக்குச் சென்றது. ஒளியை வானவில் நிறங்களாகச் சிதறச் செய்வதில் அது வைரத்துக்கு மிக அண்மையில் நிற்பதால், கண் மயங்குவதில் வியப்பில்லை. 1789ஆம் ஆண்டிலே கிளப்ரொத் என்னும் ஜெர்மானிய வேதியியலறிஞர், இலங்கையிலிருந்து சென்ற இத்தகைய கல்லைப் பகுத்து ஆராய்ந்தே சிர்க்கோனியம் என்னும் புதிய மூலகத்தை உலகுக்கு அறிவித்தார். ஆதலின் அது பொய்க்கல் அன்று. தனக்கென ஒரு பெயரும் குலமும் உடைய மெய்க்கல். பிறிதொன்றன் பெயரால் விற்கப்பட்டதே அதற்கு நேர்ந்த இழுக்கு. அவ்வம்மையாருக்கு இதனை எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஆனாற் கல்லூரிச் செலவுக்கு அந்த விளக்கம் உதவவில்லை.

அடகுக் கடைக்காரர் சொன்னதிலும் ஓர் உண்மை உண்டு. கல் மெய் வைரமாகவே இருந்திருப்பினும், அவர் பெரும்பாலும் அதே விடையையே சொல்லியிருப்பார். அடகு பிடிப்போர் கல்லின் நிறையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கே கடன் கொடுப்பது வழக்கம். பொன்னுக்கு அன்றாட விலை ஒன்று உண்டு. பத்திரிகையைப் பார்த்தும் அறியலாம். வைரத்துக்கு அவ்வாறான பொதுவிலை இல்லை. வாங்கிய விலைக்கும் திருப்பி விற்கும் விலைக்கும் இடையே பெரும் பள்ளம் கிடக்கும். வைரம் என்றும் நிலைப்பது என்னும் எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது 1947ஆம் ஆண்டில் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக எழுதப்பட்ட ஒரு விளம்பர வாசகம். கல் நிலைப்பது மெய்யே. கொடுத்த பணம் அதிலே நிலைக்குமென்று அவ்வாசகம் உறுதி கூறவில்லை. தோட்டத்துக் குடும்பங்களுக்கு நகையே வங்கி. மழைக்காலத்து வேலைக்குறைவும் மருத்துவச் செலவும் பிள்ளைகளின் படிப்பும் அந்த வங்கியை நம்பியே நடக்கின்றன. எனவே சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டு மகளுக்கு நகை செய்வோர், சேமிப்புக்கென்றால் பொன்னையே வாங்குக என்பது என் துணிபு. வைரத்தை அழகுக்கென்றே, இழந்தாலும் குடும்பம் தளராத அளவிலே வாங்கலாம்.

அப்படி வாங்குவோர் முதலில் அறியவேண்டியது 'கரட்' என்னும் சொல்லின் இருபொருள். 22 கரட் தங்கம் என்னும்போது அது தூய்மையின் அளவு. வைரத்துக்கு அது நிறை. 5 கரட் சேர்ந்தால் 1 கிராம். ஒரு கரட்டின் நூற்றிலொரு பங்கைச் சென்ற் என்பர். பெருங்கல் அரிதாதலின், 1 கரட் கல்லின் விலை அதே தரத்து அரைக் கரட் கற்கள் இரண்டின் விலையிலும் மிகும். ஆகவே சிறுகற்கள் ஏழு பதித்த தோடு, ஒற்றைப் பெருங்கல் தோட்டினும் மலிவாக அமைவதுண்டு. நம் பாட்டிமார் ஏழுகல் தோட்டை விரும்பியதற்கு அழகு மட்டுமா காரணம்?

நிறையிலும் முதன்மையானது பட்டை தீட்டிய திறம். ஒளி உள்ளே சென்று, கீழ்ப்பட்டைகளில் மோதி, மீண்டும் மேலே வருமாறு கோணங்கள் அமையவேண்டும். 1919இல் மார்சல் டொல்கொவ்ஸ்கி என்பார் இக்கோணங்களைக் கணக்கிட்டு நூலாக வெளியிட்டார். மிக ஆழமாக வெட்டிய கல் நடுவே இருளும். மிகத் தட்டையான கல் வெளிறும். நிறத்தை ஆங்கில எழுத்துக்களில் டீ முதல் இஸட் வரை வகுத்துள்ளனர். டீ என்பது நிறமே அற்றது.

தமிழ்நாட்டு நகைக்கடைகளிலே 'புளூ ஜாகர்' என்றொரு சொல் பெருமையாக வழங்குகின்றது. சொல்லாராய்ச்சி செய்யும் அன்பர்கள் இதற்கு வடமொழியிலே வேர் தேடற்க. தென்னாபிரிக்காவின் ஜாகர்ஸ்பொண்டெயின் என்னும் சுரங்கத்தின் பெயரே இவ்வாறு சுருங்கிற்று. அச்சுரங்கத்துக் கற்களுட் சில பகலொளியிலே இளநீலச் சாயை காட்டின. கதிரவன் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டு எழும் ஒளிர்வு அது. இவ்வொளிர்வு கல்லிலுள்ள சிறிது மஞ்சளை மறைத்துவிடும். மிகுந்தால் எண்ணெய் படிந்தாற்போன்ற மங்கலையும் தரும். எனவே கடை வாசலின் பகலொளியிலும் உள்ளே விளக்கொளியிலுமாக இரு முறை பார்த்தல் நன்று. பின்புறம் மூடிய கட்டிலே பதித்த கல்லானால், அதன் நிறத்தையும் குறையையும் அறிவது அரிது. கல்லுக்குப் பின்னே மினுக்குத் தகடு வைத்திருந்தாலும் நமக்குத் தெரியாது. பின்புறம் திறந்த கட்டையே நான் பரிந்துரைப்பேன்.

கண்ணாடியைக் கீறிப் பார்த்தல், மூச்சை ஊதிப் பார்த்தல் என்னும் வீட்டுச் சோதனைகளை நம்பவேண்டா. சிர்க்கனும் கண்ணாடியைக் கீறும். 1976 தொடக்கம் சந்தைக்கு வந்த கனசதுரச் சிர்க்கோனியா என்னும் செயற்கைக் கல்லும் கீறும். மொய்சனைற் என்னும் மற்றொரு செயற்கைக் கல், வெப்பம் கடத்தும் இயல்பைக் கொண்டு சோதிக்கும் கருவியையே ஏமாற்றிவிடும். இவற்றின் வேறாக, ஆய்வுகூடத்திலே வளர்த்த வைரமும் இன்று பெருகியுள்ளது. 1954இல் அமெரிக்காவிலே முதன்முதல் நம்பகமாக உருவாக்கப்பட்ட அது, கரியணுக்களால் ஆன மெய்யான வைரமே. வெறுங்கண்ணால் வேறுபாடு காணவொண்ணாது. விலையோ சுரங்க வைரத்தினும் மிகக் குறைவு. விற்பவர் அதனை வெளிப்படையாகச் சொல்லுதல் கடமை. பற்றுச்சீட்டிலே 'வெள்ளைக்கல்' என்று எழுதிவிட்டு வாயால் 'வைரம்' என்பாரிடம் வாங்கற்க. கல்லின் பெயர், நிறை, அது இயற்கையானதா வளர்க்கப்பட்டதா என்னும் விவரம் ஆகியவை எழுத்தில் இருத்தல் வேண்டும். பெருங்கல்லாயின் ஆய்வுச் சான்றிதழும் கேட்கலாம். பல கற்களின் விளிம்பிலே சான்றிதழ் எண் நுண்ணெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஐயம் நேரின் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிலே பரிசோதிக்க வசதி உண்டு.

இனிப் பேணும் முறை. வைரம் நீரை ஏற்காது. எண்ணெய்ப் பசையை விரும்பிப் பற்றும். தென்னாபிரிக்கச் சுரங்கங்களிலே கொழுப்புத் தடவிய மேசைமீது நீரோடு மண்ணைப் பாய்ச்சி, அதிலே ஒட்டிக்கொண்ட வைரத்தைப் பிரித்தெடுத்தமை இவ்வியல்பு பற்றியே. தலைக்குத் தேங்காயெண்ணெயும் முகத்துக்கு மஞ்சளும் பூசும் நம் பெண்டிரின் மூக்குத்தி விரைவில் ஒளி மங்குவது இதனாலேதான். கல்லின் குற்றம் அன்று.

வன்மையில் வைரத்தை விஞ்சும் மணி இல்லை. ஆனால் வன்மை வேறு, உடையாமை வேறு. குறித்த திசையிலே அடிபட்டால் அது பிளந்துவிடும். நெருப்புக்கும் அஞ்சும், அது எரியக்கூடியது என்பதை 1772இல் லவோசியர் காட்டினார். மூக்குத்தியைப் பற்றவைக்கக் கொடுக்கும்போது, கல்லைக் கழற்றிவிட்டோ காப்புப் பூசியோ ஊதுமாறு பொற்கொல்லரிடம் சொல்லவேண்டும். முத்தோடும் மாணிக்கத்தோடும் ஒரே பெட்டியில் வைத்தால், அவற்றை வைரம் கீறிவிடும். தனித்தனித் துணியில் முடிந்து வைக்க.

மலைக்குக் கூடை சுமந்து செல்வோர் தோட்டைக் கழற்றிவிட்டுச் செல்லல் வேண்டும். தலையிலே மாட்டும் கூடைக் கயிறு தோட்டிலே சிக்கினால், கல்லைப் பற்றிய கொக்கி நெகிழும். திருகாணியையும் கொக்கியையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பொற்கொல்லரிடம் காட்டுக.

கழுவுவதற்கு வெந்நீரும் சிறிது சவர்க்காரமும் மென்மையான பழந்தூரிகையும் போதும். சலவைத் தூள் பொன்னை அரிக்கும். பீலியடியிலே நின்று கழுவற்க. அங்கே நழுவிய கல் கானோடு போய்விடும். வீட்டுக்குள்ளே வெண்ணிறக் கிண்ணம் ஒன்றில் வைத்துக் கழுவி, ஏழுகல் தோடாயின் ஏழும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பின்னரே நீரைக் கொட்டுக.