மதுரை வெற்றியைப் பாடிய கங்காதேவி: அரசவைக் காவியத்தை வரலாறாக எடுத்துக்கலாமா?

14-ஆம் நூற்றாண்டில் சுமார் 40 ஆண்டுகள் மதுரையில் சுல்தான்கள் ஆட்சி நடந்தது. அது முடிந்த விதம் பற்றிப் பேச்சு வந்தாலே ‘மதுரா விஜயம்’ என்ற காவியத்தை இழுத்துவிடுகிறார்கள். அதில் என்னதான் இருக்கிறது?

யார் இந்த கங்காதேவி?

விஜயநகர மன்னர் முதலாம் புக்கரின் மகன் குமார கம்பணரின் மனைவி. கணவரின் தெற்குப் படையெடுப்பை சமஸ்கிருதத்தில் பாடினார். தனக்கு முந்தைய கவிகளைப் போற்றித்தான் தொடங்குகிறார். அதில் தெலுங்குக் கவி திக்கனாவும் உண்டு.

நூல் எப்படிக் கிடைத்தது?

1916-இல் திருவனந்தபுரத்தில் சுவடி கிடைத்தது, 1924-இல் அச்சானது. முழுசாகக் கிடைக்கவில்லை. 9 சருக்கங்கள், அவற்றிலும் இடையிடையே விடுபட்ட பகுதிகள்.

கதை என்ன?

சம்புவராயரை வென்று காஞ்சியில் தங்கியிருக்கிறார் கம்பணர். அங்கே ஒரு பெண் தோன்றி, மதுரையில் கோயில்கள் பாழான நிலையைச் சொல்லி, வாள் ஒன்றைத் தருகிறாள். கடைசியில் கம்பணர் சுல்தானுடன் நேருக்கு நேர் மோதிக் கொல்கிறார்.

அப்படியே நம்பலாமா?

படையெடுப்பு நடந்தது உண்மை. கம்பணரின் தளபதி கோபணர் திருவரங்கத்தில் பெருமாளை மீண்டும் எழுந்தருளச் செய்ததை, 1371-ஐ ஒட்டிய அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கொடுமைகளும் வெறும் கற்பனை அல்ல. மதுரை சுல்தானகத்தை நிறுவியவரின் மருமகனான பயணி இபின் பதூதாவே, சுல்தான் கியாசுதீன் கைதிகளைக் கொன்ற விதத்தைக் கண்டித்து எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒரு சிக்கல். 1377–78 வரை மதுரை சுல்தான் பெயரில் நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. ஒரே மோதலில் எல்லாம் முடிந்தது என்ற காவியக் காட்சியோடு இது பொருந்தவில்லை. ஆட்சி படிப்படியாகத்தான் ஓய்ந்திருக்க வேண்டும்.

ஏன் இந்த வேறுபாடு?

அரசவைக் கவியின் வேலை தலைவனை உயர்த்துவது. கனவுபோல் வரும் பெண், தெய்வ வாள், ஒற்றைக்கு ஒற்றைப் போர் எல்லாம் காவிய மரபு. எதிரியை எவ்வளவு கொடியவனாகக் காட்டுகிறாரோ அந்த அளவுக்கு வெற்றி பெரிதாகும். இங்கே பாடியவர் மனைவி வேறு!

அதற்காக நூலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வென்றவர்கள் தங்கள் வெற்றியை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி இல்லை. அடுத்த முறை இதிலிருந்து நாலு வரி வாட்ஸ்அப்பில் வந்தால், ‘கல்வெட்டும் நாணயமும் என்ன சொல்லுது?’ என்று கேளுங்கள்.