லிட்மஸ் தாளுக்கு அகப்படாதவை

ஒரு கரைசல் அமிலமா, காரமா என்று அறிய லிட்மஸ் தாள் போதும் என்று கீழ் வகுப்புகளில் படித்தோம். எவ்வளவு அமிலம் என்று சொல்வதற்குத்தான் பி.எச். என்னும் எண் வேண்டும். இதை 1909ஆம் ஆண்டில் வகுத்தவர் டென்மார்க் விஞ்ஞானி சோரன்சன். 7 என்றால் நடுநிலை. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். ஆகவே 5 என்பதை 6 என்று எழுதிவிடுவது சிறு பிழை அன்று. வயலுக்குச் சுண்ணாம்பு இடுவதா, வேண்டாமா என்பதைக்கூட இந்த எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

தெளிந்த, நிறமற்ற கரைசல்களுக்கு நிறங்காட்டித் தாள் உதவும். காப்பி டிகாஷனிலும் புளிக்கரைசலிலும் நனைத்தாலோ, அவற்றின் நிறமே தாளில் ஏறிவிடுகிறது. தாள் நிறம் மாறியதா, காப்பிக் கறை படிந்ததா என்று எப்படிச் சொல்வது? கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாறு தயாரித்தவர்களுக்கும் இதே தொல்லைதான். சாறு கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு, நிறங்காட்டியை வெளுக்கச் செய்துவிட்டது. அவர்களுக்காக ஆர்னால்டு பெக்மன் 1934இல் ஒரு மின்கருவியைச் செய்துகொடுத்தார். இன்றைய பி.எச். மீட்டர்களுக்கு அதுவே முன்னோடி.

இக்கருவியின் உயிர் ஒரு மெல்லிய கண்ணாடிக் குமிழ். கண்ணாடியின் உள்ளும் புறமும் உள்ள அமிலத்தன்மையின் வேறுபாட்டால் சிறு மின்னழுத்தம் உண்டாகிறது. அதையே கருவி அளக்கிறது. நிறம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. முதலில் பி.எச். 4, 7 என்று தெரிந்த தாங்கல் கரைசல்களில் வைத்துச் சரிபார்த்துக் கொள்ள வேண்டும். பாலிலும் தயிரிலும் வைத்தால் கொழுப்பும் புரதமும் குமிழில் படலமாகப் படிந்து கருவியை மந்தமாக்கும். உடனே கழுவ வேண்டும். துணியால் அழுத்தித் தேய்க்கலாகாது. மண்ணானால் ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு நீர் சேர்த்துக் கலக்கி, அரைமணி நேரம் விட்டுப் பிறகு அளப்பது ஒரு முறை.

இவற்றையெல்லாம்விடப் பொல்லாதது எது தெரியுமா? காய்ச்சி வடித்த நீர்! 7 காட்டும் என்று எதிர்பார்த்தால் எண் நிலைகொள்ளாமல் நகர்ந்து, 5.6 அருகே இறங்கிவிடுகிறது. நீர் கெட்டுவிடவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. மேலும், அயனிகள் மிகக் குறைவாக இருப்பதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை. நீரைக் கொதிக்க வைத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு, தூய பொட்டாசியம் குளோரைடு ஒரு சிட்டிகை சேர்த்து உடனே அளந்தால், எண் 7-ஐ நெருங்கி நிற்கும்.