வீடு பெரும்பாக்கத்தில்... வேலை மயிலாப்பூரில்! சென்னையில் ஏரியாவுக்கு ஏரியா பிழைப்பு மாறுவது ஏன்?

சென்னை:-

சென்னை ஒரே ஊர்தான். ஆனால் ஏரியா மாறினால் பிழைப்பும் மாறிவிடுகிறது. இதற்கு வீட்டு வாடகை, படிப்பு என்று பல காரணம் சொல்லலாம். அதில் முக்கியமானது, வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள தூரம்.

வடசென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகம், காசிமேடு, பெரம்பூர் பின்னி மில் என்று வேலை இருந்த இடத்தை சுற்றித்தான் ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு பகுதிகளில் தொழிலாளர்கள் குடியேறினார்கள். வீடு சின்னது, சந்து குறுகல். ஆனால் நடந்தே வேலைக்கு போய்விடலாம். 1996-ல் பின்னி மில் மூடப்பட்டதும் அதை நம்பி இருந்த குடும்பங்கள் ஆட்டம் கண்டன.

கூவம், அடையாறு கரையில் குடிசை போட்டவர்களும் வேலை பக்கத்தில் இருப்பதால்தான் அங்கே இருந்தார்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

2000-ம் ஆண்டுக்குப் பிறகு நிலைமை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே குடியிருப்புகள் வந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை குடும்பங்கள் பல பெரும்பாக்கம் 8 மாடி கட்டிடங்களுக்கு போயின.

கணக்கு போட்டு பாருங்க

மயிலாப்பூரில் 4 வீட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, வெகுதூரம் தள்ளி பெரும்பாக்கத்துக்கு குடிபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ்சில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். 3 மணி நேரம் போச்சு! அது 2 வீட்டு வேலைக்கான நேரம். ஆக, பாதி சம்பளம் காலி.

2021 மே மாதம் சாதாரண கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவச பயணம் வந்தது. டிக்கெட் காசு மிச்சமாச்சு. நேரம் மிச்சமாகல.

பக்கத்தில் ஓ.எம்.ஆர். சாலை முழுக்க ஐ.டி. கம்பெனிகள். அங்கே இந்த ஜனங்களுக்கு பெரும்பாலும் கிடைப்பது துப்புரவு, செக்யூரிட்டி வேலைதான். கண்ணகி நகர் என்று அட்ரஸ் சொன்னாலே வேலை கொடுக்க யோசிக்கிறார்கள் என்பது இளைஞர்களின் நீண்டநாள் குமுறல்.

வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. நகருக்குள் பழைய குடியிருப்புகள் சிலவற்றை இடித்து அதே இடத்தில் புதிதாக கட்டியும் இருக்கிறார்கள். ஏழைக்கு வீடு முக்கியம்தான். அந்த வீட்டில் இருந்து விடிஞ்சதும் வேலைக்கு போக முடியணும், அதுவும் அதே அளவு முக்கியம்.