பாடமா, பேப்பரா?

ராத்திரி பத்தரை மணிக்கு என் பள்ளித் தோழனுக்குப் போன் போட்டேன். மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். சமூக மருத்துவம் சொல்லித் தருகிறான்.

"என்னடா பண்றே?"

"பேப்பர்!"

"பரீட்சைப் பேப்பர் திருத்தறியா?"

"அதுக்கு யாருடா புரமோஷன் தர்றாங்க? ஆராய்ச்சிக் கட்டுரை எழுதறேன்!"

சும்மா எழுதினால் போதாதாம். பதவி உயர்வுக்கான கட்டுரையில் பெயர் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இருக்க வேண்டும் என்று 2015-ல் சொன்னது இந்திய மருத்துவக் கவுன்சில். மூன்றாவது ஆசாமி உழைத்ததெல்லாம் ஊருக்கு! 2020-ல்தான் மனசு இளகி, மூன்றாவது பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த அவசரத்தில் கடை விரித்த இதழ்களும் உண்டு. 2013-ல் 'சயன்ஸ்' பத்திரிகைக்காக ஜான் பொஹானன் என்ற நிருபர், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு புற்றுநோய்க் கட்டுரை தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன! என் ஜோக்குகளுக்கு இந்த ராசி இல்லை.

அதற்காகக் கட்டுரையே வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது. 1971-ல் பங்களாதேஷ் அகதிகளிடையே காலரா பரவியபோது, உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே உயிர்களைக் காப்பாற்றினார் டாக்டர் திலீப் மகாலனாபிஸ். 1973-ல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். எழுதாமல் விட்டிருந்தால், அது அந்த முகாமோடு போயிருக்கும்.

தோழன் தன் மாணவர்களைக் கிராமத்துக்கு அழைத்துப் போனான். ஒரு மாணவன், "பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கணும்மா" என்று சொல்ல, அந்த அம்மாவும் தலையாட்டினார்.

"இப்ப நீங்களே கலக்கிக் காட்டுங்கம்மா" என்றான் இவன்.

முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் கொட்டினார்! அவ்வளவு கெட்டியாகக் குடித்தால் குழந்தைக்கு ஆபத்து.

"சொன்னா பாடமில்லடா. அவங்க சரியா செஞ்சு காட்டினாத்தான் பாடம். அதைப் பசங்களுக்குப் புரியவைக்க ஒரு காலைப்பொழுது ஆச்சு."

"அது எந்தக் கணக்குல ஏறும்?"

"எதுலயும் ஏறாது" என்றவன், கொஞ்சம் தயங்கினான். "இந்த வருஷம் பசங்களைத் தனியா அனுப்பிட்டேன்டா. கட்டுரைக்குக் கெடு..."

பி.காம். படித்தவன் நான். வரவில் ஏறாத வேலைக்கு ஆபீசில் என்ன மரியாதை என்று உங்களுக்கும் தெரியும். கட்டுரையை எண்ணுகிற கை, அந்தக் காலைப்பொழுதையும் எண்ணக் கூடாதா? இல்லையென்றால் கட்டுரைகள் பெருகும்; டம்ளரைக் கவனிக்கத்தான் ஆள் இருக்காது!